கடவுள் பெயர் சொல்லாமல் பதவி ஏற்பது எப்படி? வேட்புமனு முதல் பதவிப் பிரமாணம் வரை

இந்தியாவில் எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர், நீதிபதி ஆகிய எந்தப் பதவிக்கும் கடவுள் நம்பிக்கை ஒரு தகுதி அல்ல. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையைத் திறந்து பாருங்கள். அங்குள்ள ஒவ்வொரு படிவத்திலும் ஓர் இடத்தில் இரண்டு தொடர்கள் மேலும் கீழுமாக அச்சாகியிருக்கும்: ஒன்று கடவுளின் பெயரால் ஆணையிடுவது, மற்றது உளமார உறுதி கூறுவது. குடியரசுத் தலைவருக்கான 60ஆம் பிரிவு, துணைத் தலைவருக்கான 69ஆம் பிரிவு, ஆளுநருக்கான 159ஆம் பிரிவு ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். இரண்டில் எதை எடுப்பது என்பது பதவி ஏற்பவரின் உரிமை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம்.

இருந்தும் ஒவ்வொரு தேர்தலிலும் இதில் குழப்பம் வருகிறது. தவறான தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், வாசகத்தில் இல்லாததைச் சேர்க்கிறார்கள், உறுதிமொழி எடுக்கும் நாளைத் தவறவிட்டு வேட்புமனுவையே இழக்கிறார்கள். அவற்றைத் தவிர்க்கும் வழிகளைக் கீழே வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் தெளிவாக வேண்டியது: இரண்டுக்கும் எடை ஒன்றே

"உளமார உறுதி என்பது கொஞ்சம் தளர்வானது, மீறினால் பெரிய குற்றமில்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 3(37)இன்படி, சட்டத்தில் 'ஆணை' என்று வரும் இடத்திலெல்லாம், உறுதி கூற அனுமதிக்கப்பட்டவரின் உறுதிமொழியும் அடங்கும். நீதிமன்றத்தில் உறுதி கூறிவிட்டுப் பொய் சாட்சி சொன்னால், ஆணையிட்டுப் பொய் சொன்னவருக்குள்ள தண்டனையே கிடைக்கும்.

வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தின் ஆங்கில வாசகத்தில் 'உறுதி கூறுகிறேன்', 'ஆணையின் பேரில்' என்ற இரண்டும் ஒரே வரியில் வரும். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மேலே சொன்ன 3(37)ஐ மனத்தில் வைத்துப் படித்தால் அங்கே மதப் பொருள் ஏதும் இல்லை. அந்த வரியை அடித்துத் திருத்தினால்தான் மனுவுக்குச் சிக்கல் வரும்.

இது நாத்திகருக்கு மட்டுமான வழி என்பதும் சரியல்ல. 'ஆணையிடவே வேண்டாம்' என்ற விவிலிய வாக்கை அப்படியே ஏற்கும் குவேக்கர் கிறிஸ்தவர்களுக்காகத்தான் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உறுதிமொழி முறை சட்டத்தில் நுழைந்தது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு 'ஆணை அல்லது உறுதிமொழி' என்று இரண்டையும் வைத்தது. 1853இல் அங்கே குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் பியர்ஸ் உறுதிமொழிதான் எடுத்தார். ஆழ்ந்த பக்தர் ஒருவர், இறைவன் பெயரை அரசியல் மேடைக்கு இழுக்கக் கூடாது என்று கருதி உளமார உறுதி கூறலாம். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

வேட்பாளராக எடுக்கும் உறுதிமொழி

மனு தள்ளுபடியாகும் ஆபத்து அதிகம் உள்ள கட்டம் இது. வென்ற பிறகு எடுக்கும் உறுதிமொழி எல்லோருக்கும் நினைவிருக்கும். வேட்பாளராக இருக்கும்போதே ஒன்று எடுக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். நாடாளுமன்றத்துக்கு 84(அ), சட்டமன்றத்துக்கு 173(அ) பிரிவுகள் இதைத் தகுதியாகவே வைத்துள்ளன. எடுக்காதவர் தகுதியற்றவர், மனு தள்ளுபடி.

இதில் நேரம் மிக முக்கியம். படிவம் 'வேட்பாளராக நியமனம் செய்யப்பட்டுள்ள நான்' என்று தொடங்குவதால், மனுவைக் கொடுத்த பிறகுதான் உறுதிமொழி எடுக்க முடியும். முன்கூட்டியே எடுத்துவைப்பது செல்லாது. மறுபக்கம், பரிசீலனை நாள் பிறப்பதற்கு முன்பே எடுத்து முடித்திருக்க வேண்டும். பரிசீலனை அன்று காலையில் அலுவலகம் வந்து "இப்போது எடுத்துக்கொள்கிறேன்" என்றால் காலம் கடந்துவிட்டது என்பதை 1968இல் பசுபதிநாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, மனுத் தாக்கலின் கடைசி நாளுக்கு மறுநாளே பரிசீலனை. மறுநாள் பொது விடுமுறையானால் மட்டும் அது தள்ளிப்போகும். ஆகவே நல்ல நேரம் பார்த்துக் கடைசி நாளன்று மனுக் கொடுப்பவருக்குக் கையில் இருப்பது அந்த ஒரு நாளின் மிச்சப் பொழுதுதான். மனுவைக் கொடுத்த கையோடு அதே மேசையில் உறுதிமொழியையும் எடுத்துவிடுங்கள். மாற்று வேட்பாளராக மனுக் கொடுப்பவரும் தனியாக எடுக்க வேண்டும். முதன்மை வேட்பாளர் எடுத்தது அவருக்குச் சேராது.

மேசையில் செய்ய வேண்டியவை:

1. மனுவைத் தரும்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் "உளமார உறுதி கூறும் வடிவம் வேண்டும்" என்று சொல்லுங்கள்.
2. தரப்படும் தாளில் இரண்டு தொடர்களும் இருந்தால், கடவுள் பெயர் வரும் தொடரை ஒரே கோட்டால் அடியுங்கள். உறுதி கூறும் தொடரைத் தொடாதீர்கள். இரண்டையும் அடிக்காமல் கையெழுத்திட்டால் நீங்கள் எடுத்தது எது என்பதே தெளிவாகாது.
3. உரக்கப் படியுங்கள். பிறகு கையெழுத்திடுங்கள். சட்டம் கேட்பது வாயால் சொல்வதும் கையெழுத்திடுவதும் ஆகிய இரண்டையும்.
4. உறுதிமொழி எடுத்ததற்கான சான்றைக் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். பரிசீலனையில் எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பினால் அந்தத் துண்டுத் தாள்தான் உங்களைக் காக்கும்.

நேரில் வர முடியாதவருக்கும் வழி இருக்கிறது. சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் முன்பும், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் மருத்துவக் கண்காணிப்பாளர் அல்லது சிகிச்சை தரும் மருத்துவர் முன்பும், வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்பும் எடுக்கலாம். இந்தச் சூழல்களில் உளமார உறுதி கூறும் தாளை வேட்பாளர் தரப்பே அச்சடித்து எடுத்துச் செல்வது நல்லது. சிறை அலுவலகத்தில் அது தயாராக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அவையில் இடம் ஏற்கும்போது

எம்.பி.க்கு 99ஆம் பிரிவு, எம்.எல்.ஏ.வுக்கு 188ஆம் பிரிவு. பொதுத்தேர்தலுக்குப் பின் தற்காலிக சபாநாயகர் முன்னும், இடைத்தேர்தலில் வென்றவர் சபாநாயகர் முன்னும் எடுப்பது நடைமுறை. எடுக்காமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்று 104, 193 பிரிவுகள் சொல்கின்றன. தொகை சிறியது. ஆனால் அந்த நாட்களில் நீங்கள் செய்த வேலை சர்ச்சைக்குள்ளாகும். அதுதான் பெரிய இழப்பு.

முதல் நாளுக்கு முன்பே அவைச் செயலகத்தில் இரண்டு விவரங்களைப் பதிவு செய்துவிடுங்கள்: எந்த மொழி, எந்த வடிவம். மக்களவையில் ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ எடுக்கலாம். தமிழில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலப் படிவத்தில் கடவுளா உறுதியா என்ற தேர்வு தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் நிற்பதால், நீண்ட வாசகம் முழுவதையும் படித்து மூச்சு வாங்கும் இடத்தில்தான் அது வருகிறது. பதற்றத்தில் அச்சில் இருப்பதை அப்படியே வாசித்து முடித்துவிடுவது நடக்கிறது. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதிய தாளை முந்தைய நாளே வைத்துப் படித்துப் பழகுங்கள். தமிழ்ப் படிவத்தின் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு சிறிது மாறும். செயலகம் தரும் தாளில் உள்ளதே உங்கள் வாசகம், இணையத்தில் கிடைத்தது அல்ல.

அடுத்து, பலர் உணர்ச்சிவசப்பட்டுத் தவறும் இடம். கடவுள் பெயரை விட்ட பிறகு அந்த இடத்தில் வேறொரு பெயரை வைக்கக் கூடாது. 2001இல் கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் ஆணையிட்டார். அரசமைப்பு தருவது இரண்டே வழிகள், மூன்றாவது இல்லை என்று சொல்லி, 2003இல் கேரள உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. குரு மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும் சட்டத்தின் பதில் இதுதான். பெரியார், அம்பேத்கர், அண்ணா, பெற்ற தாய், தொகுதி மக்கள் ஆகிய எவர் பெயராலும் ஆணையிட முடியாது. உளமார உறுதி என்பது யார் பெயரும் தேவைப்படாத வடிவம், அதன் வலிமையே அங்கேதான் இருக்கிறது.

முன்னும் பின்னும் முழக்கம் சேர்ப்பது வேறு வகை. 2019இல் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பலர் தமிழில் உறுதி கூறி "வாழ்க தமிழ்" என்று முடித்தது நினைவிருக்கும். மற்ற மாநில உறுப்பினர்களும் தத்தம் முழக்கங்களை எழுப்பினார்கள். 2024 ஜூலையில் மக்களவைத் தலைவரின் நெறிமுறைகளில் ஒரு திருத்தம் வந்தது: உறுதிமொழிக்கு முன்போ பின்போ எந்தச் சொல்லையும் சேர்க்கக் கூடாது. இப்போது அங்கே முழக்கத்துக்கு இடமில்லை. மாநில அவைகளிலும் வாசகத்தை மட்டும் படித்து, கையெழுத்திட்டு, பிறகு வெளியே வந்து முழங்குவதே பாதுகாப்பு.

சிறு பிசகு ஒவ்வொன்றும் பதவியைப் பறித்துவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். 1989இல் தேவிலால் 'துணைப் பிரதமர்' என்று சொல்லிப் பிரமாணம் எடுத்தார். அரசமைப்பில் அப்படி ஒரு பதவியே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பதவியின் பெயர் விவரிப்பு மட்டுமே, பிரமாணத்தின் உள்ளடக்கம் பழுதின்றி இருக்கிறது, ஆகவே செல்லும் என்று 1990இல் தீர்ப்பானது. நாக்கு தடுமாறியதையும் உள்ளடக்கத்தை மாற்றியதையும் நீதிமன்றம் வேறு வேறாகப் பார்க்கும்.

உள்ளடக்கம் என்று வரும்போது இன்னொன்று. கடவுள் பெயரை விடும் உரிமை மற்ற வரிகளை விடும் உரிமை ஆகாது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற வரி 1963இல் 16ஆவது திருத்தத்தின் வழியாக வந்தது. தி.மு.க. அன்று எழுப்பிய தனிநாட்டுக் கோரிக்கைதான் அதன் பின்னணி. வேட்பாளர் உறுதிமொழியும் அந்தத் திருத்தம் தந்ததே. அந்த வரி யாருக்கு எவ்வளவு கசந்தாலும் தேர்வுக்குரியது அல்ல.

அமைச்சராக: இரண்டு தாள்கள்

164(3)இன்படி மாநில அமைச்சர் பதவிக்கு ஒன்று, ரகசியக் காப்புக்கு ஒன்று என இரண்டு பிரமாணங்கள் எடுக்க வேண்டும். மூன்றாம் அட்டவணையில் அவை ஐந்தாம், ஆறாம் படிவங்கள். இரண்டு தாள்களும் உளமார உறுதி கூறும் வடிவத்தில் இருக்கின்றனவா என்று தனித்தனியே பாருங்கள். முதல் தாளைச் சரியாக வாங்கிவிட்டு இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால், ஒரே மேடையில் ஒன்றை உளமாரவும் மற்றொன்றைக் கடவுள் பெயராலும் சொல்ல நேரும். விழாவுக்கு முந்தைய மாலையே ஆளுநர் மாளிகைக்குப் பட்டியல் போகும்போது ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் வடிவத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள்.

2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் "எனும் நான்" என்று தொடங்கி "உளமார உறுதி கூறுகிறேன்" என்று முடித்த பதிவு எங்கும் கிடைக்கும். நிறுத்தங்கள் எங்கே வர வேண்டும் என்று பழகிக்கொள்ள அது உதவும்.

மேடையில் புனித நூல் எதுவும் தேவையில்லை. மூன்றாம் அட்டவணையில் நூலைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

அரசு வேலையும் நீதிமன்றமும்

மத்திய அரசுப் பணியில் சேரும்போது கையெழுத்திடும் விசுவாசப் பிரமாணப் படிவத்தில் ஒரு பொறி உண்டு. தொடக்கத்தில் ஆணை, உறுதி என்ற தேர்வு இருக்கும். அங்கே சரியாக அடித்துவிடுவார்கள். ஆனால் கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் 'கடவுள் எனக்குத் துணை நிற்கட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் தனியாக இருக்கும். உறுதி கூறுபவர் அதையும் அடிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிடுங்கள்.

சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு 1969ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் 5ஆம் பிரிவு போதும்: ஆணையிடுவதற்குப் பதில் உறுதி கூறலாம். கீதை மீது கைவைப்பது திரைப்படங்களில் தொடர்கிறது, சட்டத்தின் படிவத்தில் இல்லை. நீதிமன்ற ஊழியர் பழக்கத்தில் கடவுள் பெயரோடு தொடங்கினால், "உறுதி கூறுகிறேன், ஐயா" என்று நீதிபதியைப் பார்த்து ஒருமுறை சொன்னால் போதும். ஒருவேளை ஏதாவது விடுபட்டாலும் சாட்சியம் கெடாது என்று 7ஆம் பிரிவு காக்கிறது.

உள்ளாட்சிக்கு மூன்றாம் அட்டவணை பொருந்தாது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி உறுப்பினர்களின் உறுதிமொழி அந்தந்த மாநிலச் சட்டத்திலும் விதிகளிலும் இருக்கும். பதவியேற்புக்கு ஒரு வாரம் முன்பே செயல் அலுவலரிடமோ ஆணையரிடமோ படிவத்தின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

விதிகளை எழுதுபவர்களுக்கு

தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் துணைவிதிகளில் 'எல்லாம் வல்ல இறைவன் மீது ஆணையாக' என்று ஒரே வடிவம் மட்டும் இருப்பதை இன்றும் காணலாம். அதை மாற்ற முனைபவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பதற்கு வரலாறே பாடம்.

பிரிட்டனில் 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்லஸ் பிராட்லா, உறுதி கூறி இடம் ஏற்கக் கேட்டார். அவை மறுத்தது. நாத்திகர் என்பதால், ஆணையிட முன்வந்தபோதும் மறுத்தது. மணிக்கூண்டில் சிறை வைத்தது. தொகுதி மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள், 1886இல்தான் இடம் கிடைத்தது. அவர் கொண்டுவந்த 1888ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் உறுதிமொழியைத் திறந்துவிட்டது. அதே காலத்தில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழில் சுயசிந்தனைக் கருத்துகளைத் தமிழில் பரப்பிவந்தார்கள், பிராட்லாவின் இயக்கமே அவர்களுக்கு ஊக்கம். ஆனால் அந்த 1888 சட்டத்திலும் ஒரு குறை இருந்தது. உறுதி கூற விரும்புபவர், தமக்கு மத நம்பிக்கை இல்லை என்றோ ஆணையிடுவது தம் மதத்துக்கு முரண் என்றோ காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி போக 1978ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியதாயிற்று. தொண்ணூறு ஆண்டுகள்! காரணம் கேட்கும் விதி, ஒருவரின் நம்பிக்கையைச் சபையில் சொல்லவைக்கும் விதி. அதை ஒருபோதும் எழுதாதீர்கள்.

செத்த வரியை விட்டுவைப்பது இரண்டாவது தவறு. மேரிலாந்தில் ராய் டோர்காசோ என்பவருக்கு, கடவுள் உண்டு என்று அறிவிக்க மறுத்ததற்காக நோட்டரி பதவி தரவில்லை. 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனாலும் அந்த மாநில அரசமைப்பின் ஏட்டில் வரி இன்னும் அச்சாகிறது. டெக்சாஸிலும் அப்படியே. செல்லாத வரி ஏட்டில் கிடந்தால், விவரம் அறியாத ஓர் எழுத்தர் அதைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவார். திருத்தம் கொண்டுவரும்போது பழைய வாசகத்தை 'நீக்கப்படுகிறது' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

மூன்றாவதாக, உறுதிமொழியைப் பின்னிணைப்பாக, 'விதிவிலக்கு' என்ற தலைப்பில் வைக்காதீர்கள். இந்திய அரசமைப்பு அவையில் 1948 டிசம்பர் 27 அன்று எச்.வி. காமத்தும் மகாவீர் தியாகியும் குடியரசுத் தலைவர் பிரமாணத்தில் கடவுள் பெயரைச் சேர்க்கக் கேட்டபோது, அவை அதைச் சேர்த்தது, ஆனால் உறுதி கூறும் தொடரையும் அதே வரியில் நிறுத்திவைத்தது. ஒரே தாள், ஒரே வரி, இரண்டு தொடர்கள். இந்த அமைப்பில் யாரும் தனியாகத் துருத்தி நிற்பதில்லை. முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று காமத் 1949 அக்டோபர் 17 அன்று கொண்டுவந்த திருத்தம் 41க்கு 68 என்ற வாக்குகளில் தோற்றது.

எங்கள் பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே: சங்கங்களுக்கு இரண்டு தொடர்களும் தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே உறுதிமொழி போதும். கீழுள்ளதை அப்படியே எடுத்தாளலாம்:

"________ எனும் நான், இச்சங்கத்தின் ________ பொறுப்பை ஏற்கும் இவ்வேளையில், சங்கத்தின் விதிகளுக்கு உண்மையாக நடப்பேன் என்றும், கணக்குகளையும் பதிவேடுகளையும் நேர்மையாகப் பேணுவேன் என்றும், விருப்பு வெறுப்பின்றி உறுப்பினர் அனைவருக்கும் பணியாற்றுவேன் என்றும் உளமார உறுதி கூறுகிறேன்."

மத நிறுவனப் பொறுப்புகளை இதில் கலக்க வேண்டாம். ஒரு கோயிலின், தேவாலயத்தின், பள்ளிவாசலின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அந்த மதத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம் என்பதை அரசமைப்பின் 16(5) ஏற்கிறது. நாம் பேசுவது குடிமைப் பதவிகளை.

திருத்தத்தை நிறைவேற்ற, பொதுக்குழு அழைப்பிலேயே பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே அச்சிட்டு அனுப்புங்கள். 'இதர பொருள்' என்று கடைசியில் வாய்மொழியாகக் கொண்டுவந்தால், அறிவிப்பு போதவில்லை என்று பின்னர் யாரும் எதிர்க்கலாம். தீர்மானம் நிறைவேறியதும் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவான நகலை வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பொறுப்பேற்பவர்கள் பழைய விதியின் கீழ்தான் இருக்கிறார்கள். அந்த இடைக்காலத்தில் பொறுப்பேற்பு விழா வைக்க வேண்டாம்.